பள்ளிக்கூடம் நாலரைக் கிலோமீட்டர். ஆட்டோ காசு யார் பொறுப்பு?

மேற்கு மாவட்டம் ஒன்றின் மலையடிவாரக் குக்கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு, ஏழு பக்கத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறார். இவர் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 11 வயது. உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்து, இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. அருகில் உள்ள நடுநிலைப் பள்ளிக்குத் தார்ச் சாலை வழியாகப் போனால் 4.4 கிலோமீட்டர். ஓடையில் இறங்கிக் குறுக்கே நடந்தால் 2.7 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர். ஊருக்கு வரும் ஒரே டவுன் பஸ் காலை 10 மணிக்குத்தான் வருகிறது. அதனால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டோவில் அனுப்புகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 900 ரூபாய். வழியில் ஏறுகிறவர்களையும் சேர்த்தால் அந்த ஆட்டோவில் 11 பிள்ளைகள்.

இளையவனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. தசைச்சிதைவு நோய். உள்ளூர்ப் பள்ளி வீட்டிலிருந்து 700 மீட்டர்தான். ஆனாலும் அவனால் நடக்க முடியாது. அம்மாவே தூக்கிக்கொண்டு போகிறார். "அவன் 24 கிலோ இருக்கான் சார். இன்னும் எத்தனை வருசம் தூக்குவேன்னு தெரியலை" என்று எழுதியிருக்கிறார். தலைமை ஆசிரியை, "வீட்டுலேயே வெச்சுப் படிக்க வையுங்களேன், வாரம் ஒரு டீச்சர் வருவாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

பக்கத்து ஒன்றியத்தில் பிள்ளைகளுக்கு அரசாங்கமே ஆட்டோ காசு தருவதாக உறவுக்காரர் சொல்ல, ஒன்றிய அளவில் பள்ளித் திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகமான வட்டார வள மையத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கிடைத்தது இரண்டு பதில்கள்: "ஃபண்டு வரலைம்மா." "உங்க ஊரு கம்ப்யூட்டர்ல 2.7 கிலோமீட்டர்னுதான் காட்டுது, மூணுக்கு மேல இருந்தாத்தான் கிடைக்கும்."

மகளை விடுதியில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். தனியார் பள்ளியில் ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தரும் இலவச சீட் வாங்கினால் வேனும் இலவசம் என்கிறார் நாத்தனார். கேஸ் போட்டால் பஸ் விடுவார்களா, புகார் கொடுத்தால் டீச்சர் அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டுவாரோ என்பவை கடிதத்தின் கடைசிக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைக் கொஞ்சம் உறுத்தியது. "அரசாங்கம் தயவு பண்ணி ஏதாவது கொடுத்தா" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதப்போகும் மனுவின் தொனியே இதைப் பொறுத்துத்தான் இருக்கும். 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தந்த உரிமை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலவசம் என்பது ஃபீஸோடு முடிவதில்லை என்று தெரிந்தவர்கள் குறைவு. அந்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, குழந்தை தொடக்கக் கல்வியை முடிக்க விடாமல் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் அந்தக் குழந்தை தலையில் கட்டக்கூடாது என்கிறது. செலவு என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை. மாதம் 900 ரூபாய் ஆட்டோ காசு கொடுக்க முடியாமல் ஒரு பெண்பிள்ளை ஆறாம் வகுப்போடு நின்றால், சட்டம் தடுக்க நினைத்த செலவு அதுதான்.

அருகமை என்றால் எவ்வளவு தூரம்? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகும் தூரத்தில் 1 கிலோமீட்டர். ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டர். மத்திய அரசின் 2010 விதிகளிலும் தமிழ்நாட்டின் 2011 விதிகளிலும் கணக்கு இதேதான். அந்தத் தூரத்துக்குள் பள்ளி கட்டுவது அரசின் கடமை. பத்து வீடு உள்ள குடியிருப்புக்கு ஒரு நடுநிலைப் பள்ளி கட்ட முடியாது என்பதும் நியாயம்தான். அப்படிச் சிறிய குடியிருப்புகளில் உள்ள குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்து, தங்கும் வசதி போன்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்று விதிகளே சொல்லிவிட்டன. ஆக, உங்கள் மகளுக்கு வரவேண்டிய ஆட்டோ காசு, கட்டாத பள்ளிக்கூடத்துக்கு ஈடாக அரசு தரவேண்டியது. மனுவில் "கருணை கூர்ந்து" என்று எழுதாதீர்கள். "சட்டப்படி" என்று எழுதுங்கள்.

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதிகாரிகள் சமக்ர சிக்ஷா என்பார்கள். முன்பு எஸ்.எஸ்.ஏ. (சர்வ சிக்ஷா அபியான், அனைவருக்கும் கல்வி இயக்கம்) என்று இருந்ததுதான், 2018இல் வேறு சில திட்டங்களோடு சேர்ந்து இந்தப் பெயரானது. மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போடுகின்றன. இதில் போக்குவரத்து மற்றும் வழித்துணைப் படி என்று ஒரு தலைப்பு உண்டு. அலுவலகங்களில் எஸ்கார்ட் படி என்றால்தான் சட்டென்று புரியும். குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை. எஸ்.எஸ்.ஏ. காலத்தில் 3,000 ரூபாயாக இருந்தது. பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. நீங்கள் கொடுக்கும் 900க்கு இது போதாது. அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். "வரை" என்ற சொல்லும் முக்கியம். 6,000 என்பது உச்சவரம்பு. எல்லா இடத்திலும் முழுசாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பணம் வங்கிக் கணக்கில்தான் விழும், ஆகவே மகள் பெயரில் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

இந்தப் பணம் பள்ளிக்கூடத்தின் கையில் இல்லை. தலைமை ஆசிரியர் நினைத்தாலும் தர முடியாது. ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்தக் குடியிருப்பில் எத்தனை குழந்தைகளுக்கு இது தேவை என்று கீழேயிருந்து பட்டியல் போகும். வட்டார வள மையம், மாவட்டத் திட்ட அலுவலகம், சென்னை, அங்கிருந்து டெல்லி. அங்கே ஒப்புதல் ஆனால்தான் ஒதுக்கீடு. அடுத்த கல்வியாண்டுக்கான பட்டியல் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் போய்விடும். ஜூன் மாதம் போய்க் கேட்டவருக்கு "இல்லை" என்ற பதில் வருவதில் பாதிக் காரணம் இதுதான். பக்கத்து ஒன்றியத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் யாரோ ஒருவர் அந்தக் குடியிருப்பைப் பட்டியலில் எழுதினார், உங்கள் குடியிருப்பை எழுதவில்லை என்று அர்த்தம்.

"ஃபண்டு வரலை" என்றால்?

உங்களிடம் அப்படிச் சொன்ன வட்டார வள மையத்துக்காரர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தேசியக் கல்விக் கொள்கையோடும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தோடும் முடிச்சுப் போட்ட தகராறு அது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தது. வட்டார வள மையத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சண்டையில் ஒரு துரும்பு. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஆனால் உங்கள் மகளின் உரிமைக்கு அது பதிலாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவைப் படித்தால் தெரியும்: நிதிப் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் சேர்ந்தது, மத்திய அரசு தருவதையும் தன் மற்ற வருவாயையும் கணக்கில் வைத்து, சட்டத்தை நடைமுறைப்படுத்தப் பணம் தரும் பொறுப்பு மாநில அரசுக்கு. அதாவது டெல்லியிலிருந்து வந்தால்தான் தருவேன் என்று சொல்ல இடமில்லை. சட்டம் விதித்த கடமையைச் செய்யப் பணமில்லை என்று கைவிரிக்கக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1980இலேயே, ரத்லம் நகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. அது சாக்கடை, கழிப்பிடம் பற்றிய வழக்கு. ஆனால் வழக்கறிஞர்கள் இன்றும் இந்த மாதிரி விஷயங்களில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவோம்.

அந்த 2.7 கிலோமீட்டர்

என் பார்வையில் உங்கள் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. பணத் தட்டுப்பாடு இன்று இருக்கும், நாளை தீரும். கம்ப்யூட்டரில் 2.7 என்று பதிந்துவிட்டால், பணம் வந்தாலும் உங்கள் ஊர் பட்டியலில் வராது.

விதி சொல்வது நடந்து போகும் தூரம். வரைபடத்தில் இரண்டு புள்ளிகளை நேர்க்கோடாக இழுத்தால் வருவதோ, கோடையில் மட்டும் கால் வைக்க முடிந்த ஓடைப் பாதையோ அந்தத் தூரம் ஆகாது. மேலும், வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை, சிறு குழந்தைகளுக்கு வழியில் ஆபத்து உள்ள இடங்களில் 1, 3 கிலோமீட்டர் என்ற வரம்பையே குறைத்து, ஆபத்தில்லாமல் போகும்படி பள்ளி அமைய வேண்டும் என்று மத்திய அரசின் 2010 விதிகள் சொல்கின்றன. ஆகவே 2.7 என்றே வைத்துக்கொண்டாலும் வாதம் முடிந்துவிடாது. இடுப்பளவு தண்ணீரில் 11 வயதுப் பிள்ளை இறங்க வேண்டிய 2.7 அது. மலைக் கிராமத்து மக்களுக்குச் சாலை வசதியும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1986இல் இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வழக்கு தொடங்கியது எப்படித் தெரியுமா? சாலை கேட்டு ஏழைக் கிராமத்தார் உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தில்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பள்ளி நாள் ஒன்றில், வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை பைக்கில் தார்ச் சாலை வழியாகப் போய்த் தூரத்தைக் குறியுங்கள். போன் வரைபடத்திலும் நடைப் பாதை தூரத்தைப் பார்த்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடை வழி எந்தெந்த மாதங்களில் போக முடியாது என்பதை கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "எங்கள் குடியிருப்பிலிருந்து நடுநிலைப் பள்ளிக்குப் பாதுகாப்பான வழி 4.4 கிலோமீட்டர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இத்தனை குழந்தைகள்" என்று தீர்மானம் ஒன்று நிறைவேறினால், அதன் நகல் உங்கள் மனுவுக்கு முதுகெலும்பு.

நான்கு குடும்பங்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். தனி ஆளாகப் போனால் "பார்க்கலாம்மா" என்பார்கள். குடியிருப்பு என்று போனால் பட்டியல் என்று எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

மகனுக்கு 700 மீட்டர் என்பது கணக்கே இல்லை

உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி ஒரே ஒரு பத்தி. "அவன் ஸ்கூல் ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு, அதனால அவனுக்கு ஒண்ணும் வராது" என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். இதுதான் நீங்கள் செய்த பெரிய தவறு. உண்மையில் இரண்டு பேரில் உங்கள் மகனின் உரிமைதான் பலமானது.

நடக்க முடியாத குழந்தைக்கு 1 கிலோமீட்டர் கணக்கைப் பொருத்திப் பார்ப்பதே அபத்தம். இயலாமையால் பள்ளிக்குப் போக முடியாத குழந்தைகளுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து ஏற்பாடு செய்யவேண்டும் என்று கல்வி உரிமை விதிகள் தனியாகவே சொல்கின்றன. அதற்கும் மேலே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 16ஆவது பிரிவு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும், கூடுதல் ஆதரவு தேவைப்படும் குழந்தையின் உடன் வருபவருக்கும் போக்குவரத்து வசதி செய்துதர வேண்டும் என்கிறது. உடன் வருபவர் என்றால் நீங்கள்தான். 31ஆவது பிரிவுப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி 6 வயதிலிருந்து 18 வயது வரை. மகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும்; மகனுக்கு நிற்காது.

வீட்டுவழிக் கல்வி பற்றி தலைமை ஆசிரியை சொன்னது அக்கறையில் சொன்னதாகவே இருக்கட்டும். கடுமையான ஊனம் உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2012இல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது உண்மை. தேர்வு செய்யும் உரிமை அங்கே குழந்தைக்கும் பெற்றோருக்கும்தான் தரப்பட்டிருக்கிறது, பள்ளிக்கு இல்லை. வகுப்பில் உட்கார்ந்து நண்பர்களோடு படிக்கிற பையனை, தூக்கிவர ஆளில்லை என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நாளை நோய் முற்றி அவனால் உட்காரவே முடியாத நிலை வந்தால் அப்போது அந்த வழியை யோசியுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். எந்தத் தாளிலாவது "பெற்றோர் சம்மதம்" என்று கையெழுத்துக் கேட்டால் முழுசாகப் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

அவனுக்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் அதை வாங்குங்கள். தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதற்கும் அங்கேயே விண்ணப்பியுங்கள். அது வேறு தலைப்பு, பள்ளிப் போக்குவரத்து வேறு தலைப்பு. "அதான் ரெண்டாயிரம் வருதே" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். மகன் விஷயத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டிய முதல் ஆள் அவர். சக்கர நாற்காலியும் அவர் மூலமாகக் கேட்கலாம். 700 மீட்டர் பாதை சக்கரம் போகிற பாதைதானா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விடுதியா, ஆர்டிஇ சீட்டா, பஸ்ஸா?

விடுதி தவறான யோசனை இல்லை. கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா என்ற உண்டு உறைவிடப் பள்ளிகள் உங்கள் மகள் மாதிரிப் பெண்களுக்காகவே நடப்பவை, எட்டாவதுக்குப் பிறகும் தொடர இடம் உண்டு. உங்கள் ஒன்றியத்தில் இருந்தால் ஒருமுறை மகளோடு போய்ப் பாருங்கள். அவள் விருப்பம் என்ன என்று ஏழு பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை, அவளையும் கேளுங்கள். ஆனால் "விடுதி இருக்கிறதே, ஆகவே போக்குவரத்துப் படி கிடையாது" என்று அலுவலகத்தில் சொன்னால் ஏற்க வேண்டாம். 11 வயதுப் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புவதா இல்லையா என்பது குடும்பம் எடுக்கவேண்டிய முடிவு.

நாத்தனார் சொன்னது சரியில்லை. தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்பது நுழைவு வகுப்பில், அதாவது எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் சேர்கிறவர்களுக்கு. ஆறாம் வகுப்புக்குப் பொருந்தாது. பொருந்துகிற குழந்தைகளுக்கும் வேன் கட்டணத்தைப் பெற்றோர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பஸ் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் 2021 மே முதல் கட்டணம் இல்லை. ஆக உங்களுக்குப் பஸ் இலவசம்தான், ஆனால் 10 மணிக்கு வருகிறது. பள்ளி மணி அடித்த பிறகு வருகிற இலவசப் பஸ்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த நடையை 8 மணிக்கு முன்னால் மாற்றச் சொல்லிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு மனு, அதன் நகல் ஆட்சியருக்கு. செலவில்லாத தீர்வு என்பதால் சில சமயம் இது சீக்கிரம் நடக்கும். ஊரில் வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள். ஒன்று மட்டும் தெரிந்து செய்யுங்கள்: நேரத்துக்குப் பஸ் வந்துவிட்டால் எஸ்கார்ட் படி கேட்கும் உங்கள் வாதம் வலுவிழக்கும். என்னைக் கேட்டால் பஸ்ஸையே தேர்ந்தெடுப்பேன். மாதம் 600 ரூபாய் வந்தாலும் 11 பேர் ஏறும் ஆட்டோ அதே ஆட்டோதான். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போதும் பஸ் இருக்கும். எஸ்கார்ட் படி இப்போது உயர்நிலை வகுப்புகளுக்கும் திட்டத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே அது திட்டம் மட்டும்தான். பின்னால் நிற்க கல்வி உரிமைச் சட்டம் இல்லை. ஒருவேளை புதிய மினிபஸ் திட்டத்தில் உங்கள் ஊருக்குத் தனியார் மினிபஸ் விடுவதாகச் சொன்னால், அதில் அரசு பஸ் பாஸ் செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆட்டோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றிப் போகும் வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அந்த எண்ணிக்கையைத்தான். நஷ்ட ஈடு கிடைக்காமலே போகும் என்று பயமுறுத்தவில்லை, வருடக்கணக்கில் இழுக்கும். நான்கு குடும்பமும் சேர்ந்து பேசும்போது மஞ்சள் போர்டு வண்டியா, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். வெள்ளை போர்டு ஆம்னி வேன் மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்கு மாறிவிடாதீர்கள்.

கேஸ் போடலாமா?

போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. எழுத்து மூலம் புகார் கொடுத்தால், உள்ளாட்சி அமைப்பு இரண்டு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. இந்தப் படிகளில் ஏறாமல் நேராக உயர் நீதிமன்றம் போனால், "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள்" என்ற உத்தரவோடு திரும்பி வருவீர்கள். அதற்கு ஆறு மாதம் வீணாகும்.

மனுவை ஊராட்சி ஒன்றிய ஆணையருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மகனுக்குத் தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பாதீர்கள். மகன் மனுவின் நகல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் போகட்டும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ரசீது கிடைக்கும். அந்த ரசீதுத் தேதியிலிருந்துதான் மூன்று மாதத்தை எண்ண வேண்டும், ஆகவே அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

கூடவே 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். கேள்விகள் நேராக இருக்கட்டும்: எங்கள் குடியிருப்பு போக்குவரத்துப் படிப் பட்டியலில் இருக்கிறதா, தூரத்தை யார், என்று, எந்த வழியாக அளந்தார்கள், கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றியத்தில் எத்தனை குழந்தைகளுக்கு ஒப்புதல் ஆனது, எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. 30 நாளில் பதில் வர வேண்டும். "யார் அளந்தார்கள்" என்ற கேள்விக்குப் பல அலுவலகங்களில் பதிலே இருக்காது. அந்த வெற்றிடம்தான் உங்களுக்கு வேண்டியது.

மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். உயர் நீதிமன்றம் போவதானாலும் அவர்கள் வழியாகவே போகலாம். வழக்கில் நீங்கள் கேட்பது "பஸ் விடு" என்று இருக்க வேண்டாம். எந்த வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை அரசே தேர்ந்தெடுக்கட்டும். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் கோரிக்கை. அப்படிக் கேட்டால் நீதிமன்றத்துக்கு உத்தரவிடுவது சுலபம்.

டீச்சர் மேல் புகார் வேண்டவே வேண்டாம். அவரால் தர முடியாத பணத்தை அவர் தரவில்லை என்று எழுதி என்ன பயன்? அவர் கையெழுத்து உங்களுக்கு வேண்டும்: இன்னின்ன குழந்தைகள் இங்கே படிக்கிறார்கள், இன்ன குடியிருப்பிலிருந்து வருகிறார்கள், மழை மாதங்களில் இத்தனை நாள் வரவில்லை என்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் நீங்களும் மற்ற மூன்று குடும்பத்தாரும் போய் இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் மேல் யாராவது காட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. ஆனால் அந்த எண்களுக்கு வேலை வராது என்றே நினைக்கிறேன். வருகைப் பதிவு குறைவதில் அந்த டீச்சருக்கும் தலைவலிதான்.

கடைசியாக ஒரு வேலை. இப்போது ஓடை வற்றிக் கிடக்கும். அதைப் போட்டோ எடுத்துப் பயனில்லை. ஐப்பசியில் தண்ணீர் வந்த முதல் நாள் காலை, பள்ளிக்குப் போகும் நேரத்தில், தேதி விழுகிற மாதிரி போனில் எடுங்கள். கரையில் யாராவது பெரியவர் நிற்கட்டும், பிள்ளையை இறக்க வேண்டாம். எடுத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். மேல்முறையீடு எழுத வேண்டிவந்தால் அதிலிருந்துதான் தொடங்குவேன்.